எண்ணூர் முகத்துவாரத்தில் ஏலியன் கப்பல்: கதையில் கணக்கு உதைக்கிறது, உதவுங்கள்

மீன்முள்:

வணக்கம். வடசென்னையை வைத்து ஓர் அறிவியல் புனைவு நாவல், பாதி எழுதியாகிவிட்டது. கரு இதுதான்: உலகம் முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. பத்தாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு கப்பல் வந்து இறங்குகிறது. சண்டை கிடையாது. ஊரில் மிச்சமிருக்கும் பத்து லட்சம் பேர் அந்த ஏலியன்களோடு பழகித்தான் பிழைக்கிறார்கள். லேசர், படையெடுப்பு, அமெரிக்க அதிபரின் உரை எதுவும் வேண்டாம் என்பது முதல் நாளே எடுத்த முடிவு.

இடிக்கிற இடங்கள் நான்கு. அவ்வளவு தூரம் வரத் தெரிந்தவர்களுக்கு நம்மிடம் என்ன வேண்டும்? இப்போதைக்குத் "தண்ணீர்" என்று இருக்கிறது, நிற்காது போலிருக்கிறது. அடுத்தது கரண்ட். மின்காந்தத் துடிப்பு வந்து பைக், ஜெனரேட்டர், செல்போன் எல்லாம் கருகுவதாக வைத்திருக்கிறேன். மூன்றாவது, அவர்களிடமிருந்து நமக்கு நோய் தொற்றுமா? கடைசியாக, பேச்சு எப்படித் தொடங்கும்? பகா எண்களைத் தட்டிக் காட்டுவதாக ஒரு காட்சி இருக்கிறது.

மாதம் மே. முக்கியப் பாத்திரங்கள்: அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, காசிமேட்டில் மீன் ஏலம் விடும் ஓர் அக்கா, துறைமுகத்தில் கிரேனுக்குச் சிக்னல் கொடுப்பவர், தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை நர்ஸ். இவர்களை வைத்தே முடிச்சு அவிழ வேண்டும். விஞ்ஞானி யாரும் வந்து விளக்கம் சொல்லக் கூடாது.

நாள்மீன்:

தண்ணீர் நிற்காதுதான். வால்நட்சத்திரங்களில் பனி கொட்டிக் கிடக்கிறது. அதை எடுக்கப் பூமியின் ஈர்ப்புக்குள் இறங்கி ஏற வேண்டியதில்லை. இரும்பு, நிக்கலும் அப்படித்தான், சிறுகோள்களில் இருக்கிறது. ஆகவே "என்ன பொருள் வேண்டும்" என்று தேடாதீர்கள். அவர்களிடம் எது மிஞ்சிப்போய்த் தொல்லை தருகிறது என்று கேளுங்கள். என் பதில்: வெப்பம்.

கணக்கைப் பாருங்கள். ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் வரும் 1,000 டன் கப்பலின் இயக்க ஆற்றல் சுமார் 4.5 × 10^20 ஜூல். உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் எரிக்கும் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு. பிரேக் போடும்போது அதில் ஒரு துளி உள்ளே தங்கினாலும் கப்பல் உருகும். அந்த வேகத்தில் ஒரு மில்லிகிராம் தூசி மோதினால் சுமார் 107 கிலோ டிஎன்டி வெடித்ததற்குச் சமம். கப்பலின் உடலுக்குக் கவசம் போடலாம். ஆனால் வெப்பத்தை வெளியே கதிர்வீசித் தள்ளும் தகடுகள் அகலமாக, மெல்லியதாக இருந்தே தீர வேண்டும். முதலில் கிழிவது அவைதான்.

வெற்றிடத்தில் வெப்பத்தை வெளியேற்றக் கதிர்வீச்சைத் தவிர வேறு வழி கிடையாது. 127 டிகிரியில் இருக்கும் தகடு ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 2.9 கிலோவாட்தான் தள்ளும். 250 மெகாவாட்டைத் தள்ள 21 ஏக்கருக்கு மேல் தகடு வேண்டும். அது கிழிந்துபோன கப்பலுக்கு ஓடும் தண்ணீர்தான் கதி. உலையை அணைத்துவிட்டால் போதாதா என்று வாசகர் கேட்பார். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் நடந்தது அதற்குப் பதில். நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காகத்தான் அணைந்தன. சுனாமியில் குளிரூட்டல் போனது. எச்ச வெப்பமே எரிபொருளை உருக்கிவிட்டது. அணைத்த கணத்தில் முழுத் திறனில் 6, 7 சதவீதம், ஒரு நாள் கழித்து ஒரு சதவீதத்துக்கும் கீழே, பிறகு மெதுவாக இறங்கும். உங்கள் கப்பலுக்கும் அப்படி ஓர் எச்ச வெப்பம் இருக்கட்டும். நாளாக நாளாக அது குறையும் என்பதைக் கடைசி அத்தியாயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எண்ணூர்? சுற்றுப்பாதையிலிருந்து அகச்சிவப்பில் பார்த்தால் அனல்மின் நிலையங்கள் கடலில் விடும் சுடுநீர் தனியாகத் தெரியும். "இங்கே யாரோ நம்மைப் போலவே வெப்பத்தைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கான கால்வாயும் பம்பும் கட்டி வைத்திருக்கிறார்கள்" என்று அவர்களுக்குப் புரிகிறது. உலகில் இப்படி எத்தனையோ இடம் உண்டு, எனவே எத்தனையோ கப்பல். எண்ணூர் அதில் ஒன்று, அவ்வளவுதான். வடசென்னையை உலகத்தின் நடுமையமாக ஆக்க வேண்டிய சங்கடமும் தீர்ந்தது.

இப்போது கரண்ட். மின்காந்தத் துடிப்பை விட்டுவிடுங்கள். கப்பல் கடைசிக் கட்டத்தில் பீச்சும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் மோதிக் காந்தப் புயல் கிளம்புகிறது என்று வையுங்கள். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் மின்தடங்களையும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களையும்தான் தாக்கும். பைக்குக்கு ஒன்றும் ஆகாது. டீசல் ஜெனரேட்டர் ஓடும், வாக்கிடாக்கி பேசும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனது இப்படித்தான். அது துருவ ஒளி தெரியும் பக்கம். காந்த நடுக்கோடோ தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது. சென்னையின் டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் தப்பும். பின் ஏன் இருட்டு? 2012 ஜூலையில் வட இந்தியாவே இருண்டபோது தெற்கு தப்பியது, ஏனென்றால் அப்போது தென்னக மின்தொகுப்பு மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் சேரவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று சேர்ந்தது. இப்போது வடக்கில் விழுந்தால் தெற்கையும் இழுத்துக்கொண்டு விழ வாய்ப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று வந்து குதிப்பது நடக்காது. ஒரு ஜி (பூமியின் ஈர்ப்பு அளவு) வேகத்தணிப்பில் நிறுத்தினால் 35 நாள் பிரேக் எரியும். நூறில் ஒரு பங்கு ஜி என்றால் கிட்டத்தட்ட பத்து வருடம். இரண்டுமே வானில் புது நட்சத்திரம் போலத் தெரியும். காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி தேவையே இல்லை. 35 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் பதுக்கத் தொடங்கும், ஆனால் எதுவும் கட்டி முடிக்க நேரம் போதாது.

கொதிகலன்:

நாள்மீன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வெப்பத்தை இறக்க இடம் வேண்டும், நமக்குக் குடிநீர் வேண்டும். நடுவில் நிற்பது கண்டென்சர், அதாவது ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கலன். உங்கள் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை வந்துவிட்டது.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் முதல் கட்டம் 210 மெகாவாட் வீதம் மூன்று, இரண்டாம் கட்டம் 600 வீதம் இரண்டு. எண்ணூரின் பழைய 450 மெகாவாட் நிலையம் 2017-ல் மூடியாயிற்று, அதை ஓட விடாதீர்கள். உள்ளூர் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். செத்த நிலையில் இருக்கும் 210 யூனிட்டை எழுப்பவே பம்பு, ஃபேன், கரி அரைக்கும் மில்லுக்கு என்று 15 மெகாவாட்டுக்குப் பக்கம் வெளியிலிருந்து வேண்டும். கேஸ் டர்பைன் அப்படியல்ல, சின்ன டீசல் இன்ஜின் சுழற்றிவிட்டாலே பிடித்துக்கொள்ளும். பேசின் பிரிட்ஜில் 30 மெகாவாட்டில் நான்கு இருக்கின்றன, நாஃப்தாவில் ஓடக்கூடியவை, நாஃப்தா மணலியில் கிடைக்கும். ஆகவே பத்து நாளுக்குள் யாராவது ஒரு யூனிட்டை எழுப்பியிருப்பார்கள் என்பதே நியாயம். ஆனால் 210 யூனிட் நாளுக்கு மூவாயிரம் டன்னுக்கு மேல் கரி தின்னும். கரி கப்பலில் வருகிறது. கப்பல் நின்றால் யார்டில் உள்ள குவியல் தீரும் வரைதான் வாழ்வு. காட்டுப்பள்ளிக் கடல்நீர் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது, ஆனால் அதற்கு இடைவிடாமல் 15 மெகாவாட் மாதிரி தேவை, சவ்வில் 60 பார் அழுத்தம் நிற்க வேண்டும். கரி தீர்ந்த அன்று அதுவும் நிற்கும். கதையின் உண்மையான நெருக்கடி அன்றுதான் தொடங்குகிறது, கரண்ட் போன அன்றல்ல.

வீட்டில் விறகு வைத்துக் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கலாமே என்பீர்கள். ஒரு லிட்டருக்கு 2.6 மெகாஜூல். சாதா அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் பாத்திரத்தில் ஏறும். லிட்டருக்கு முக்கால் கிலோவுக்கு மேல் விறகு, ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் இரண்டரைக் கிலோ. பத்து லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2,500 டன். ஒரு வாரத்தில் கதவு, ஜன்னல்கூட மிஞ்சாது. சூரிய வடிகலன் சதுர மீட்டருக்கு நாளுக்கு மூன்று, நான்கு லிட்டர். மொட்டை மாடி இருக்கிறவர்களுக்கு உதவும், மற்றவர்களுக்கு இல்லை.

இனி கண்டென்சர். 210 யூனிட்டின் கண்டென்சர் முழு லோடில் சுமார் 280 மெகாவாட் வெப்பத்தைக் கடலில் தள்ளுவதற்காகவே கட்டப்பட்டது. கப்பலின் 250 மெகாவாட் அதற்குள் அடங்கும். முறை இப்படி: கப்பலிலிருந்து வரும் சூடான சுற்று ஒரு பெரிய ஆவியாக்கித் தொட்டிக்குள் ஓடட்டும். வெற்றிடம் பிடித்து, 0.3 பார் அழுத்தத்தில் கடல்நீர் 70 டிகிரியிலேயே கொதிக்கும். ஆவியைக் கண்டென்சருக்குக் கொண்டுபோனால் அடியில் ஹாட்வெல் என்ற தொட்டியில் நல்ல தண்ணீர் நிற்கும். உள்ளே விடும் கடல்நீரில் பாதியை ஆவியாக்கி, பாதியை உப்புக் கரைசலாக வெளியே விட்டால் நாளுக்குச் சுமார் 80 லட்சம் லிட்டர். தலைக்கு எட்டு லிட்டர். குடிக்க, சமைக்கச் சரி. குளிக்க அல்ல.

எழுபதைத் தாண்டக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. சூடு ஏற ஏறக் கால்சியம் கார்பனேட்டும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் குழாயில் படியும். 120-ஐத் தாண்டினால் கால்சியம் சல்ஃபேட்டும் கல்லாக ஒட்டிக்கொள்ளும், அது ஆசிடுக்கும் லேசில் கரையாது. ஏலியன்கள் நல்லெண்ணத்தில் "இன்னும் சூடு தருகிறோம்" என்று ஏற்றிவிட்டால் ஆலை அடைத்துக்கொள்ளும். உதவியே வினையாகும் இந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.

எங்கே உடையும்?

ஆவிக் குழாயில். 70 டிகிரி ஆவி ஒரு கிலோ ஐந்து கன மீட்டர் இடம் பிடிக்கும். நொடிக்கு 94 கிலோ, வேகம் 50 மீட்டர் என்றால் குழாயின் விட்டம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். உள்ளே வெற்றிடம், வெளியே சதுர மீட்டருக்கு ஏழு டன் காற்றழுத்தம். எட்டு மில்லி தகட்டை வளைத்து வெல்டு வைத்து, மீட்டருக்கு ஒரு வளையம் போட்டு இறுக்காவிட்டால் தகர டப்பா மாதிரி நசுங்கும். மணலியில் தகடும் வெல்டரும் கிடைப்பார்கள். வளையத்தின் அவசரம் தெரியாத மேஸ்திரி ஒருவர் கிடைத்தால் உங்களுக்கு ஓர் அத்தியாயம்.

காற்றுக் கசிவில். கண்டென்சருக்கு மேலே லோ பிரஷர் டர்பைன் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஷாஃப்ட் நுழையும் கிளாண்டில் (அடைப்பு வளையத்தில்) இடைவெளியை அடைக்கும் சீல் ஸ்டீம் இல்லையென்றால் அந்த வழியாகக் காற்று புகுந்து வெற்றிடம் கெடும், கொதிநிலை ஏறும். பழைய கிரீஸ் கயிறும் ரப்பரும் வைத்து அடைப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மறுபடி அடைக்க வேண்டும்.

பம்பில். கண்டென்சரைக் குளிர வைக்க நொடிக்குச் சுமார் எட்டு கன மீட்டர் கடல்நீர், வெளியேறும் நீர் ஏழு டிகிரிக்கு மேல் சூடாகாதபடி. பத்து மீட்டர் ஹெட் (ஏற்ற வேண்டிய உயரம்) என்றால் ஒரு மெகாவாட்டுக்குச் சற்று மேல். டீசல் செட்டில் நாளுக்கு 6,500 முதல் 7,000 லிட்டர். பிறகு லாரி. 80 லட்சம் லிட்டரை 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 667 நடை, அதற்கும் ஏறக்குறைய அதே அளவு டீசல். காட்டுப்பள்ளி ஆலையிலிருந்து நகருக்கு வரும் குழாயில் கோத்துவிட்டால் லாரிச் செலவு விழும், ஆனால் வடித்த தண்ணீர் பசித்த தண்ணீர். சுண்ணாம்பு சேர்க்காமல் விட்டால் இரும்புக் குழாயை அரித்துச் சிவப்பாக வரும், வாசலில் சண்டை வரும்.

மீன்முள்:

கொதிகலன் அண்ணே, அசந்துவிட்டேன். ஒரே சந்தேகம். அவ்வளவு வெப்பம் இருந்தால் அதை வைத்து நேராக டர்பைனைச் சுற்றிக் கரண்டே எடுக்கலாமே? வாசகர் இதைக் கேட்பார்.

கொதிகலன்:

கேட்பார். அந்த டர்பைன் 535 டிகிரிக்கு மேலான உலர்ந்த நீராவிக்காக வடிவமைத்தது. 150 டிகிரி ஈர ஆவியை விட்டால் நீர்த்துளிகள் கடைசி வரிசை பிளேடைச் செதுக்கிவிடும், கிடைப்பதும் சொற்பம். 500 டிகிரி ஏலியன்களால் தர முடியும் என்று வைத்தால் கரியே வேண்டாம், ஊர் ஒளிமயம், கதை மூன்றாம் அத்தியாயத்தில் முடிந்தது. எனவே அவர்களின் சுற்று 150-க்கு மேல் தாங்காது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எல்லாம் முடிந்த ஏலியன் கதைக்கு ஆகாது.

நுண்ணுயிர்:

தொற்றுக்கு வருவோம். வைரஸ் பயம் வேண்டாம். வைரஸ் பெருக நம் செல்லின் இயந்திரம் வேண்டும், நம் மரபணுக் குறியீடு வேண்டும். இன்னொரு உலகத்தில் தனியாகத் தோன்றிய உயிரின் வைரஸுக்கு நம் செல் பூட்டில் சாவியே நுழையாது. மிருகங்களிலிருந்து நமக்கு வருகிறதே என்றால், அவை நம் சொந்தக்காரர்கள்.

ஆனால் "அதனால் ஒன்றுமே இல்லை" என்று கடந்துவிடாதீர்கள். பூஞ்சை மாதிரி, ஈரமும் கரிமமும் கிடைத்தால் எதன் மேலும் வளரும் ஜந்து இருக்கலாம். அதன் தூசிக்கு ஒவ்வாமை வரலாம். மூலக்கூறுகளுக்கும் நம் கைகளைப் போல இடம், வலம் உண்டு; பூமியில் உயிர்களின் புரதம் இடக்கை அமினோ அமிலங்களாலும் மரபணு வலக்கைச் சர்க்கரையாலும் ஆனது. அவர்களுடையது மாறியிருந்தால் அவர்கள் உணவு நமக்குப் பசி தீர்க்காது, நம் செரிமான நொதிகளும் அதைத் தொடாது. கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிய நுண்ணுயிர்களை ஆய்வகத்தில் உருவாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் சேர்ந்து எச்சரித்தார்கள். காரணம், நம் நோயெதிர்ப்பு அவற்றை அடையாளம் காணத் திணறும், அவற்றைத் தின்ன இயற்கையில் எதுவும் இருக்காது. நாவலுக்கு ஒரு கறுப்பு நிழல் வேண்டுமென்றால் இது போதும்; ஊரே கொப்புளம் வெடித்துச் சாகும் காட்சி வேண்டாம்.

தனிமைப்படுத்தலுக்கு 21 நாள் என்று பலர் எழுதுகிறார்கள். அது 1969-ல் அப்போலோ 11 குழுவுக்கு வைத்தது. அப்போலோ 15 முதல் கைவிட்டார்கள். அந்த எண்ணுக்கு ஏலியன் கிருமிகள் கட்டுப்பட வேண்டிய அவசியமில்லை. உங்கள் நர்ஸ் அதை வேதவாக்காகப் பிடிக்காமல் இருப்பதே அவருக்கு அழகு.

அவர் உண்மையில் பயப்பட வேண்டியது காலராவுக்கு. காலராக் கிருமி முகத்துவாரத்தின் வெதுவெதுப்பான உவர்நீரில் இயல்பாகவே வாழக்கூடியது. மே மாதம், கழிவுநீர்ப் பம்புகள் நின்று போயிருக்கின்றன, கூடவே ஏழு டிகிரி கூடுதல் சூடு. ஹாட்வெல்லில் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும். லாரித் தொட்டியில், குடத்தில், குடத்துக்குள் விடும் கையில்தான் கெடும். ஆகவே குளோரின். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்தால் 80 லட்சம் லிட்டருக்கு எட்டுக் கிலோ குளோரின், அதாவது 33 சதவீத பிளீச்சிங் பவுடரில் 24 கிலோ. நாளுக்கு ஒரு மூட்டை! ஒரு ஊரின் உயிர் ஒரு மூட்டையில் நிற்கிறது. ஆனால் மே வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்தால் அதன் வீரியம் வேகமாக இறங்கும். தேதி பார்க்காமல் அதே 24 கிலோவைப் போடுகிறவர்கள் இருப்பார்கள். அரை மணி நேரம் கழித்துக் குழாயடியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கையளவில் போட விடாதீர்கள்.

இன்னொன்று. வடித்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அம்மோனியாவும் லேசான எண்ணெய்களும் ஆவியோடு சேர்ந்தே வரும். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும், அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததும் ஊருக்கு மறக்காது. ஆகவே தண்ணீர் எடுக்கும் வாயைக் கழிமுகத்தில் வைக்காமல் கடல் பக்கம் வையுங்கள். முதல் சில மணி நேரத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உங்கள் ஏலியன்கள் அம்மோனியாவைச் சுற்றில் பயன்படுத்துகிறவர்கள் என்றால் கசிவுக் காட்சி தானாக வரும். வாயு காற்றைவிட லேசு என்றாலும் குளிர்ந்து கசியும்போது தரையோடு படரும். நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும், காற்றோடு ஓடினால் அதுவும் கூடவே வரும்.

சுக்கான்:

பகா எண் காட்சியை வெட்டிவிடுங்கள். 2, 3, 5, 7 தட்டினால் "எங்களுக்கு அறிவு இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்ல முடியும். கப்பல் வந்து கால்வாயோரம் நிற்கிறது, இரண்டு பக்கமும் அறிவு இருப்பது தெரிந்த கதை. 1974-ல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து விண்வெளிக்கு அனுப்பிய செய்தி 1,679 துடிப்புகள், 23-ஐ 73-ஆல் பெருக்கியது. கட்டமாக அடுக்கத் தெரிந்தால் படம் தெரியும் என்ற கணக்கு. பல ஆயிரம் ஒளியாண்டு தள்ளி இருப்பவருக்கு அது சரி. எதிரே நிற்பவருக்குக் குழாயைக் காட்டினால் போதும்.

முதல் பேச்சு வால்வைப் பற்றியது. திற, மூடு, கூட்டு, குறை. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: நிறுத்து. துறைமுகத்தில் கிரேனுக்குச் சிக்னல் கொடுக்க ஒருவருக்குத்தான் உரிமை. ஆனால் நிறுத்தச் சொல்லும் சைகையை யார் காட்டினாலும், டீ வாங்கி வரும் பையன் காட்டினாலும், ஆபரேட்டர் நிறுத்தியே ஆக வேண்டும். உங்கள் சிக்னல்காரர் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும், இரண்டு பக்கமும். வழி: ஆபத்தில்லாத ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் ஓட விட்டு, சைகை காட்டி, நம் பக்கமே மூடிக் காட்டுவது. பிறகு அவர்கள் பக்கம் வால்வு இருக்கும்படி வைத்து அதே சைகை. அவர்கள் மூடினால் அடுத்த முறை வேறு ஓர் ஆள் காட்ட வேண்டும், ஏனென்றால் அவர்கள் அந்த ஒரு மனிதரின் அசைவை மட்டும் பழகியிருக்கலாம். பிறகு நாலு பேர் மாறி மாறி. அவர்கள் நமக்குக் காண்பிக்கும் "நிறுத்து" நாம் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அகச்சிவப்பில் மின்னினால் நமக்கு ஒன்றும் தெரியாது. தோலில் சூடாகப் படலாம். கால்வாயோரம் நிற்பவரின் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுட்டால் நிறுத்து. எழுத நன்றாக இருக்கும்.

அளவுக்குத் தண்ணீரே போதும். உறையும் புள்ளியும் கொதிக்கும் புள்ளியும் அவர்கள் கண் முன்னாலேயே காட்டலாம். காசிமேட்டு ஐஸ் பார் ஒன்றை உடைத்து ஒரு டிரம்மில், பக்கத்தில் அடுப்பில் கொதிக்கும் டிரம். நடுவில் பிரித்துக்கொண்டால் 70 எங்கே என்று இருவருக்கும் தெரியும். ஆனால் ஐஸை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், அளவுகோலே கோணலாகும். உங்கள் கதையில் 70-இன் குறி கீழே இறங்கி, அவர்கள் சூட்டைக் குறைவாகத் தந்து, தண்ணீர் அளவு குறைய ஒரு காரணம் தேவையென்றால், யாரோ அவசரத்தில் மீன் பெட்டியிலிருந்த ஐஸை எடுத்து வந்தார்கள் என்று வையுங்கள்.

ஏலம் விடும் அக்காவை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். ஏலத்தில் பேச்சைவிட எண்ணும் சரக்கும்தான் முக்கியம். கூடையைக் கண்ணால் பார்த்து எடை சொல்கிறவர் அவர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் அதே வகை: வாயே திறக்காமல் பேரம் முடியும். இந்த ஆட்களுக்கு மொழி இல்லாத வியாபாரம் புதிதல்ல. இத்தனை கன மீட்டர் குளிர்ந்த நீர் போனது, இத்தனை லிட்டர் நல்ல தண்ணீர் வந்தது என்று இரண்டு பக்கமும் பார்க்கும்படி டிரம் வரிசையில் கணக்கு வைப்பது அவர் யோசனையாக இருக்கட்டும். தினம் மாலையில் கணக்கு நேராக வேண்டும். நேராகாத நாளில் காரணத்தைக் காட்ட வேண்டும், பம்பு நின்றதா, டீசல் தீர்ந்ததா. நம்பிக்கை அங்கேதான் பிறக்கும். அன்பு, மனிதநேயம் எல்லாம் ஏலியனுக்குப் புரியும் என்று எழுதினால் எனக்கு மட்டும் அல்ல, அந்த அக்காவுக்கே சிரிப்பு வரும்.

சட்டம் பற்றி யாராவது கேட்டால்: ஏலியன்களோடு யார் பேசலாம் என்று நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் கிடையாது. 1989-ல் விண்வெளி ஆய்வாளர்கள் வகுத்த நெறிமுறைகள் உண்டு. கலந்து பேசாமல் பதில் அனுப்பாதீர்கள் என்பது அதில் ஒன்று. அது தொலைவிலிருந்து வரும் சிக்னலுக்காக எழுதியது. எண்ணூரில் பம்பு வைத்திருக்கிறவரை அது கட்டுப்படுத்தாது.

அலையாத்தி:

எல்லோரும் மே மாதத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கரையில், பாதி பெயிண்ட் அடித்துக்கொண்டும் பலகை மாற்றிக்கொண்டும் இருக்கும். பெரிய ஏலம் இருக்காது, ஐஸ் பார் தேவையும் பாதியாகியிருக்கும். ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய் வரும். உங்கள் அக்கா அப்போது என்ன செய்கிறார் என்று எழுதியாக வேண்டும். அடுத்து, கோடையில் எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும். ஆழம் இல்லாத இடத்தில் கப்பல் இறங்கினால் வெளியேறும் சூடான நீர் கடலுக்குப் போகாமல் கழிமுகத்துக்குள்ளேயே சுற்றி, பம்பு வாய்க்குத் திரும்பி வரும். 30 டிகிரியில் உள்ளே போக வேண்டிய நீர் 37-ல் போனால் கண்டென்சரில் வெற்றிடம் இறங்கும், தண்ணீர் அளவும் குறையும். இறால், நண்டு செத்து மிதக்கும். அனல்மின் நிலையச் சுடுநீரைப் பற்றிப் பல வருடமாகப் புகார் சொல்லிவரும் மீனவர்கள் ஏலியனிடமும் அதே புகாரைக் கொண்டுபோவார்கள்.

ஆகவே இரண்டு வழி. மணல் அள்ளும் டிரெட்ஜர் வேண்டும், அது இல்லாவிட்டால் ஃபைபர் படகுக்காரர்களும் மண்வெட்டியும். ஓதம் ஏறும் நேரத்தில் உள்ளே, வற்றும் நேரத்தில் வெளியே என்று பம்பை ஓத அட்டவணைப்படி ஓட்டினால் வேலை கொஞ்சம் குறையும். ஆனால் சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. அல்லது கதையை நவம்பருக்குத் தள்ளுங்கள். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து வாய் தானாகத் திறக்கும், படகுகள் கடலில் இருக்கும், புழல் ஏரியில் தண்ணீர் இருக்கும். ஆனால் தண்ணீர் இருந்தால் ஏலியனிடம் ஏன் போகிறார்கள் என்று கேள்வி வரும். எனக்கு மே தான் சரி என்று தோன்றுகிறது, மண்வெட்டியோடு.

மீன்முள்:

மே தான். மண்வெட்டியும் இருக்கும். கொதிகலன் அண்ணே, அந்த மூன்றரை மீட்டர் குழாய்க்கு மீட்டருக்கு ஒரு வளையம் என்றீர்களே, அது பட்டையா, ஆங்கிளா? வெல்டு போடும் காட்சியை நாளைக்கு எழுதப் போகிறேன்.

கொதிகலன்:

ஆங்கிள் போதும், 100-க்கு 100, பத்து மில்லி. வளைத்துப் பிடிக்க ரோலிங் மெஷின் இல்லையென்றால் காலில் V வெட்டுப் போட்டு வளைத்து, வெட்டை மறுபடி வெல்டால் நிரப்பச் சொல்லுங்கள். குழாயின் வெளிப்பக்கம் வைக்க வேண்டும். வெல்டு விட்டுவிட்டுப் போடலாம், ஆனால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. தகட்டின் நீளவாக்கு ஜாயின்ட் மட்டும் விடாமல் முழு வெல்டு, மண்ணெண்ணெய் தடவிக் கசிவு பார்த்த பிறகுதான் வெற்றிடம் பிடிக்க வேண்டும்.